மீதி பன்னிரண்டு சுற்று

பேனரை இறக்க ஏணி கிடைக்கவில்லை. மைதான வாசலில், மாலை போட்ட 'கண்ணீர் அஞ்சலி' பேனரில் சுபேதார் ஞானப்பிரகாசம் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டுக்கு டயாலிசிஸ் மிஷின் வாங்கப் பணம் திரட்ட, தொண்ணூற்றாறு வயதில் வாக்கரோடு நூறு சுற்று நடக்கக் கிளம்பியவர். எண்பத்தெட்டாவது சுற்றில் விழுந்தார். நேற்று ஐசியூவில் அவர் கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு நான்தான் அவர் இறந்துவிட்டதாகக் குரூப்பில் செய்தி போட்டேன். உண்மையில் அவரை ஸ்கேனுக்குத்தான் கொண்டுபோயிருந்தார்கள். விடிவதற்குள் பேனர் வந்துவிட்டது, அதன் கீழே வைத்த உண்டியலும் நிறைந்துவிட்டது. அவர் நடந்தபோது பாதிகூடச் சேரவில்லை.

"பேனர இறக்காத, பெனிட்டா. குடுத்தவன்லாம் திருப்பிக் கேப்பான்" என்றார் பேனர் கட்டிய ஆமோஸ் அண்ணன்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க, அவரு வீட்டுக்கு வந்துட்டு இருக்காருண்ணே. இந்த வழிதான்."

சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ வந்து நின்றது. தாத்தா இறங்கவில்லை. பேனரில் தான் இறந்த தேதி வரை நிதானமாகப் படித்தார்.

"மிஷினுக்குக் காசு தேறிட்டாட்டி, பெனிட்டா?"

"தேறிட்டு தாத்தா."

அவர் கை மடியிலிருந்த வாக்கரைத் தடவியது.

"அப்ப மீதி பன்னெண்டு சுத்தையும் நான் நடக்கட்டுமா, இப்படியே திரும்பிப் போயிரட்டுமா?"