ஊமையனுக்கு எந்தத் தமிழ்

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அந்த ஜெர்மானியன் வாயைத் திறந்தான்.

"நம்பள்கி மில்லு பெரிசு. வூடு காலி. நிம்பள் பொண்ணு நம்பள்கி குடுக்குறான்?"

மோகனா பேனாவைக் கீழே வைத்தாள்.

நூற்றைம்பது வருடப் பழைய செக் நாவல். மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே மாவு மில் வைத்திருப்பவன் ஜெர்மானியன். செக் மொழியை அரைகுறையாகப் பேசுகிறவன். சாராயக் கடையில், எல்லோர் முன்னாலும், தச்சன் மகளைப் பெண் கேட்கிறான்.

ஊரே சிரிக்கிறது.

செக்கிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் அறவாழி. பிராக் நகரில் மூன்று வருடம் படித்தவர். அவள் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். இந்தப் புத்தகத்துக்கு மட்டும் அதற்கு மேல் ஒரு படி. அறவாழி சம்மதித்தால், உள்பக்கத்தில் 'செம்மையாக்கம்' என்று அவள் பெயர் வரும்.

பதினோரு வருடத்தில் முதல் தடவை.

அவருடைய முன்னுரை பன்னிரண்டு பக்கம். அடேயப்பா, என்ன சாட்டையடி.

செக் எழுத்தாளர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து வெளுத்திருந்தார். அவர்கள் கதையில் ஹங்கேரிக்காரன் மீசையும் சவுக்குமாகத்தான் வருவானாம். இத்தாலிக்காரன் பாடிக்கொண்டே ஏமாற்றுவானாம். போலந்துக்காரன் கிழிந்த கோட்டுக்குள் ஜமீன்தாராம். பிரெஞ்சுக்காரன் தெருவில் நுழைந்தால் வயசுப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுவிட வேண்டுமாம்.

ஜெர்மானியனுக்கு வாயே கிடையாது. செக் மொழியில் அவனைக் குறிக்கும் சொல்லே 'ஊமை' என்பதிலிருந்து பிறந்தது. என் மொழி பேசாதவன் பேசவே தெரியாதவன்.

'தங்களை ஆண்டவர்களின் நாக்கைக் காகிதத்தில் அறுத்துப் பழி தீர்த்துக்கொண்ட சின்ன மனசு' என்று முடித்திருந்தார்.

ஊருக்குத்தான் உபதேசம்.

முன்னுரை முடிந்து முப்பத்தோரு பக்கம் போவதற்குள் அவரும் கத்தியை எடுத்துவிட்டார்.

நம்பள்கி. நிம்பள்.

இப்படிப் பேசுகிற ஜனங்கள் எந்தத் தேசத்தில் இருக்கிறார்களோ, அவளுக்குத் தெரியாது. சினிமாவில் சேட்டு வேஷம் கட்டியவர்கள் பேசுவார்கள். நிஜச் சேட்டு வீடு அவளுடையது. கொள்ளுத்தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து மதுரைக்கு வந்த குடும்பம். வீட்டுக்குள் மார்வாடி, வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ்.

அப்பா மட்டும் 'நம்பள்கி' பேசுவார். துணிக்கடையில்.

காலையில் தமிழ்ப் பேப்பரை வரிவரியாகப் படித்து, பிழைகளைச் சிவப்பு மையில் வட்டம் போடுகிற மனுஷன். கடைக்கு ஆட்கள் வந்துவிட்டால் நாக்கைக் கோணிக்கொள்வார். "நம்பள்கி கடை வந்தான், நிம்பள் சேலை பார்க்கறான்?" அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்தவர்கள் சேலை எடுக்காமல் போனதில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். உடம்பு கூசும். அப்பாவை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். சிரித்தவர்களை மன்னிக்கவில்லை.

அறவாழிக்குப் போன் செய்தாள்.

"ஐயா, அந்த மில்காரர் பேச்சை வேற மாதிரி எழுதலாமா?"

"எதுக்கு மோகனா? படிக்கிறவன் சிரிக்கணும்ல. வெளியாள் பேசினா நம்ம காதுல அப்படித்தானே விழுது. மதுரைக்காரங்க உங்களுக்குத் தெரியாததா?"

ஐந்து மாதமாகப் போனிலேயே பழக்கம். நேரில் பார்த்ததில்லை. 'தமிழ்னா இதுதாம்மா தமிழ்' என்று இரண்டு தடவை அவளை மெச்சியிருக்கிறார். எவ்வளவு கூர்மையான காது.

பேசாமல் விட்டால் பெயர் அச்சாகும். 'நம்பள்கி'க்குப் பொறுப்பாக.

"நான் ஒரு மாதிரி எழுதி அனுப்புறேங்கய்யா. பிடிக்கலைன்னா அடிச்சிருங்க."

"உங்க பேரு வர்ற புத்தகம். பார்த்துச் செய்ங்க."

மிரட்டல்தான். மிரட்டுகிறோம் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்காது.

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நாக்கை மட்டும் நிமிர்த்தினாள்.

"என் மில் பெரியது. வீடு காலி. உங்கள் பெண்ணை எனக்குக் கொடுப்பீர்களா?"

அடுத்த வரியில் ஊர் சிரித்தது. அதை அவள் தொடவில்லை.

இப்போது அந்தச் சிரிப்பு படு கேவலமாக இருந்தது.

கடைசி அத்தியாயம்வரை மில்காரனை இதே தமிழில் பேசவிட்டு அனுப்பிவைத்தாள்.

மூன்றாம் நாள் அறவாழி கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கே அந்தப் பய மேல இரக்கம் வந்துருச்சு. ஆனா இவ்வளவு சுத்தமாப் பேசினா, அவன் வெளியாள்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுங்கய்யா."

அவர் சிரித்தார்.

"ஒரு வகையில இது என் முன்னுரைக்கும் பொருத்தம். நான் சொல்ல வந்ததே அதுதானே? இருக்கட்டும்."

அவர் சொல்ல வந்தாராம்.

"சரி, உள்பக்கத்துக்கு உங்க பேரு வேணும். இனிஷியல் என்ன?"

"இனிஷியல் கிடையாதுங்கய்யா. குடும்பப் பேரு. லுணாவத்."

"என்னது?"

"மோகனா லுணாவத். நாங்க மார்வாடிங்க."

அவர் எதையோ சொல்ல ஆரம்பித்து விட்டுவிட்டார். மறுபடி ஆரம்பித்தார்.

"லுணாவத்துக்கு… ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

அவ்வளவுதான் அவருக்குக் கேட்க வாய்த்தது.

"மூணு," என்றாள்.