நாத்தனாரின் கைப்பை

“அண்ணி, இப்பதான் தூங்கினான். தூக்காதீங்களேன்!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் நாத்தனார் தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். தூக்கம் கலைந்த குழந்தை வீறிட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவனின் அக்கா இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“ஹால்ல இது என்ன கலரு? மஞ்சளும் ஆரஞ்சும் சண்டை போட்ட மாதிரி இருக்கு.”

அடுத்து, “திரை ஏன் ஒரு பக்கம் நொண்டுது?”

அவர்கள் வாங்கிய முதல் சொந்த வீடு. யாரோ குடியிருந்து களைத்துப்போன பழைய அடுக்குமாடி வீடு. வாங்கியதோடு கை வறண்டுவிட்டது. பெயின்டரைக் கூப்பிட வழியில்லை. ‘ஏன், எனக்குக் கை இல்லையா?’ என்று அவளே இறங்கிவிட்டாள். சுவரைச் சுரண்டினாள், பட்டி பார்த்தாள், பெயின்ட் அடித்தாள். பழைய படுக்கை விரிப்புகள் திரைச்சீலை ஆயின. யாரோ கழற்றிப் போட்ட கதவுக்கு நாலு கால் வைத்ததில் அது சாப்பாட்டு மேஜை ஆனது.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெருமை, தொட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த நீலப் பலகைதான். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன அலமாரியைப் பிரித்து, தேய்த்து, வண்ணம் பூசி, இரவல் டிரில்லால் சுவரில் துளை போட்டு அவளே மாட்டியது. அதன் மேல் பிள்ளையின் பொம்மைகள், படப் புத்தகங்கள், ஒரு மர யானை.

நாத்தனார் குழந்தையை அவளிடம் நீட்டினாள்.

“இந்தா, ஹாலுக்குத் தூக்கிட்டுப் போ. இங்க ஒரே புழுக்கம்.”

எழுப்பிவிட்டு இப்போது புழுக்கமாம்! முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டு நடந்தாள். அறை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

பின்னால் தடாலென்று ஒரு சத்தம்.

திரும்பினால், பலகை தொட்டிலுக்குள் குப்புறக் கிடந்தது. யானை தரையில் உருண்டுகொண்டிருந்தது. நாத்தனாரின் கைப்பை பலகையோடு பின்னிக் கிடந்தது.

“அடடா! பையை மாட்டினேன்மா. பிடுங்கிட்டு வரும்னு யார் கண்டா?”

“அது பை மாட்டுற இடமா அண்ணி?”

சமையலறையிலிருந்து கணவன் ஓடி வந்தான். பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

“உனக்கு அறிவிருக்காக்கா? அதைச் செய்ய அவ எவ்வளவு கஷ்டப்பட்டா தெரியுமா?”

“என் பைக்குள்ள பாதி வீடு இருக்குடா. எந்தப் பலகைதான் தாங்கும்? அவ ஒழுங்காத்தான் மாட்டியிருக்கா, தப்பு என்னோடது. தரையில நிக்கிற மாதிரி ஒரு அலமாரி நாளைக்கே அனுப்பறேன், போதுமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை கோபத்திலும் ஒரு சின்ன ஆறுதல். நல்ல வேளை, தன் வேலையில் குறையில்லை.

சற்று நேரத்தில் நாத்தனார் கிளம்பிவிட்டாள். வழியனுப்பக் கீழே இறங்கிய தம்பிக்குப் படிக்கட்டு முழுக்க வாய் ஓயவில்லை.

“இனி நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்? நீ வந்தாலே ஒரு வம்புதான்!”

அக்கா கேட்டருகே வந்ததும் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள். யாருமில்லை.

“டேய், பிள்ளையைக் கொஞ்சலாம்னு குனிஞ்சேன். போர்வை மேல சிமென்ட் தூள் உதிர்ந்து கிடந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா, பலகை சுவரைவிட்டு விரல் நுழையற அளவுக்கு விலகி நிக்குது. ஸ்க்ரூ மேல்பூச்சிலதான் நின்னிருக்கு, செங்கல்லைப் பிடிக்கவே இல்லை. பிள்ளையை வெளிய அனுப்பிட்டு, பை மாட்டுற சாக்குல லேசா இழுத்தேன். கையோட வந்துடுச்சு.”

அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டான்.

“மேலயே சொல்லியிருக்கலாமேக்கா! நானும் வாய்க்கு வந்தபடி...”

“கலரைப் பத்திச் சொன்னா என்னைத் திட்டிட்டு மறந்துடுவா. இதைச் சொன்னா? மாட்டினது அவ கை, கீழ படுத்திருந்தது அவ பிள்ளை. அப்புறம் கண்ணை மூடினா அதுதானே வந்து நிக்கும்? வீட்டுல அவ போட்ட மத்த ஸ்க்ரூவையெல்லாம் நீ சத்தமில்லாம ஒரு தடவை பார்த்துடு. கெட்ட பேரு என்கிட்டயே இருக்கட்டும்டா, எனக்கு அது பழகிப்போச்சு.”