நாற்பத்தொரு நாள் வருகை

'ஒட்டகம்' என்று வகுப்பே பட்டப்பெயர் வைத்த நண்பனுக்கு வெல்டர் பட்ட கடன் நாற்பத்தொரு நாள். கல்லூரிக் காலத்தில் வீட்டுச் செலவுக்காக அவர் பட்டறை வேலைக்கு ஓடிய அத்தனை காலையிலும், வருகைப் பதிவின்போது அந்த நெட்டை நண்பன்தான் குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்று சொன்னான். பிடிபட்ட அன்று முதல்வர் அறையில், "நீ சொல்லச் சொன்னியா?" என்ற கேள்விக்கு வெல்டர், "எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றுவிட்டார். தண்டனை நண்பனுக்கு மட்டும்; படிப்பில் ஒரு வருடம் போயிற்று. இருபத்தாறு வருடம் கழித்து இப்போது பழைய வகுப்பே ஒரு கூடத்தில் உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்லி மைக்கைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறது. மைக் ஒட்டகத்திடம் வந்துவிட்டது. அவன் வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். தீப்பொறி பட்டுக் காய்த்த விரல்களால் வெல்டர் காகிதக் கோப்பையை நசுக்குகிறார். தேநீர் தொடையில் சுடச்சுட வழிவதுகூட உறைக்கவில்லை. "அச்சகம் வெச்சிருக்கேன். ரெண்டு பொண்ணு, கூடவே சர்க்கரை," என்கிறான் ஒட்டகம். "ஒரு வருஷம் போச்சுல்ல, அடுத்த செட்ல போய் உட்கார்ந்தேன். அங்க கிடைச்சவதான் இவ." பக்கத்திலிருக்கும் மனைவி எட்டி மைக்கில் கேட்கிறாள்: "இவரை என் தலையில கட்டின புண்ணியவான் எங்கப்பா?" கூடமே சிரித்துக்கொண்டு வெல்டரைத் திரும்பிப் பார்க்கிறது. அவரும் சிரித்து மழுப்பிவிடலாம். ஆனால் எழுந்து நிற்கிறார். "நான்தான் தங்கச்சி. சொல்லச் சொன்னதும் நான்தான். முதல்வர்கிட்ட தெரியாதுன்னு கைகழுவினதும் நான்தான்." சிரிப்பு அடங்குகிறது. ஒட்டகம் மைக்கை இறக்கிவிட்டு வெறும் குரலில் சொல்கிறான்: "ரெண்டு பேரும் மாட்டியிருந்தா உங்க வீட்ல யாருடா உலை வெச்சிருப்பா? அந்தக் கணக்கை நான் அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். உட்காரு."