பல்லியும் அலாரமும்

மலையூர் வீடொன்றில், விஷவாயு வந்தால் அலற வேண்டிய அலாரம், பேட்டரி தீரப்போகிறதென்று கீச் கீச்சென்றது. "சனியனே!" என்று கனகசபை பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டார்.

பக்கத்திலிருந்த பல்லிக்கு ஒரே குஷி. "நான் கத்தினா சகுனம், நீ கத்தினா சனியனா!"

சாயங்காலம் குளிருக்காகக் கரியடுப்பைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அலாரம் பல்லியிடம் கிசுகிசுத்தது: "கரிப்புகையில விஷம் இருக்கு, வாசனையே தெரியாது. எனக்குத் தொண்டை போச்சு. நீயாவது கத்தேன்!"

பல்லிக்கே தலை கிறுகிறுத்தது. "ஜன்னலைச் சாத்திடலாமா?" என்று கனகசபை மனைவியைக் கேட்ட நேரம், அது உயிரைக் கொடுத்துக் கத்தியது.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று சிரித்தபடி அவர் ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.