பார்த்து வாங்குங்கள்

தகவல் துறை ஊழியர் சற்றே பின்வாங்கி, தாம் ஒட்டிய நோட்டீஸைத் தலைசாய்த்து ரசிக்கிறார். 'எடையைப் பார்த்து வாங்குங்கள்.' பசை இன்னும் வழிகிறது. எல்லோர் கண்ணும் போகிற இடத்தில் ஒட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு; காய்கறிக் கடையில் எல்லோர் கண்ணும் போவது மின்தராசின் எண்கள் மேல்தான். அங்கேயே ஒட்டிவிட்டார். வந்ததும் வந்தோம் என்று, "ஒரு கிலோ தக்காளி போடுங்கண்ணே" என்கிறார். கடைக்காரர் நாலைந்து பழங்களைத் தட்டில் உருட்டுகிறார். காகிதத்துக்குப் பின்னால் ஏதோ சிவப்பாக மினுங்குகிறது. ஊழியர் குனிந்து கண்ணைச் சுருக்குகிறார். "எடை தெரியலையேண்ணே." "கிழிச்சுப் பாத்துக்குங்க சார்" என்கிறார் கடைக்காரர், பரம சாதுவாக. ஊழியரின் விரல் நீள்கிறது. நோட்டீஸின் அடியில் அவரே கேட்டு அச்சடிக்க வைத்த வரி: 'கிழிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' விரல் மெல்ல மடங்குகிறது. "சரியாத்தாண்ணே இருக்கும். கட்டிருங்க."