சீலம் என்றால் என்ன?

"கதவைச் சாத்துங்க மாஸ்டர். யாரும் வெளியே போகக் கூடாது."

பள்ளி இன்ஸ்பெக்டர் சுப்பராயுலு சொன்னதும் சிவசங்கரன் கதவைச் சாத்தினார். விஜயபுரம் பக்கத்து அந்தக் கிராமப் பள்ளியில், தமிழ்ப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். தமிழ், தெலுங்கு ராஜ்யங்களுக்கு நடுவே எல்லை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், முப்பது பிள்ளைகள் இல்லாத பிரிவு எதுவானாலும் மூடல் என்று உத்தரவு வேறு. அவரிடம் இருந்ததோ இருபத்திரண்டு.

இப்போது வகுப்பில் முப்பது தலைகள். எட்டு, பக்கத்து அறைத் தெலுங்குப் பிரிவிலிருந்து வந்தவை.

சுப்பராயுலு அப்பழுக்கற்ற மனிதர் என்று சித்தூர் வரை பேச்சு. இரண்டு பிரிவையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவர், இந்த முறை மட்டும் காலையில் தமிழ், மத்தியானம் தெலுங்கு என்று முன்கூட்டியே கார்டு போட்டிருந்தார்.

எண்ணினார். முப்பது. சிவசங்கரன் மூச்சு விடுவதற்குள் அவர் விரல் நீண்டது.

"நீ எழுந்திரும்மா. சீலம்னா என்ன? சொல்லிட்டு, ஒரு வாக்கியத்துல வை."

விரலுக்கு அகப்பட்டவள் வெங்கடலட்சுமி. தெருவில் தமிழ் பேசுவாள்; ஏட்டில் தமிழ் ஓரெழுத்தும் தெரியாத தெலுங்குப் பிரிவுப் பெண்!

"யாரும் பாக்காத எடத்துலகூட தப்பு பண்ணாம இருக்கறது சார். எங்க நைனா சொல்லிக்கினே இருக்கும்."

"சரி, வாக்கியம்?"

அவள் சிவசங்கரனைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த சாரு ரொம்ப சீலம் உள்ளவரு!"

அவருக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு பிள்ளைகளின் தமிழ் போச்சு. சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார்.

"ஐயா... இதுல எட்டுப் பேரு என் பிள்ளைங்க இல்லீங்க. இந்தப் பொண்ணும்தான். தப்பு முழுக்க என்னுது."



இன்ஸ்பெக்டர் நிமிரவேயில்லை. பதிவேட்டில் 'முப்பது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதினார். பிறகு சிவசங்கரன் காதருகே குனிந்தார்.

"மெதுவா பேசுங்க மாஸ்டர்! மத்தியானம் தெலுங்குலயும் ஆறு பேரு குறையுது, உங்க பிள்ளைங்கள்ல ஆறு பேர ரெடி பண்ணுங்க."