பழக விட்ட ஹெட்போன்

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய ஹெட்போனை மாட்டியதும் கணக்கு வாத்தியாருக்கு முகம் தொங்கிப்போனது. பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது.

"புதுச் செருப்பு மாதிரிதான் சார். ஒரு வாரம் யாரும் போடாம, சும்மா பாட விட்டு வைங்க. தானா சரியாயிடும்," என்றார் கடைக்காரர் போனில்.

மாடியறையில் மேசைமேல் ஸ்டாண்டில் மாட்டி, கம்ப்யூட்டரில் பாட்டை ஓடவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியோடு பள்ளிக்கூடம் போனார். மாலையில் மாட்டிப் பார்த்தால், குரல் தெளிந்திருந்தது. ஆனால் ஹெட்போன் வழுக்கிக் கன்னத்துக்கு வந்தது. தலைவளையம் ஒரு படி நீண்டிருந்தது.

"நீ எடுத்தியா?"

"சாவியைப் பையில வெச்சுக்கிட்டு என்னைக் கேட்டா?" என்றாள் மனைவி.

வளையத்தைத் தன் அளவுக்குச் சுருக்கி வைத்தார். மறுநாள் அது இரண்டு படி நீண்டிருந்தது. அதற்கடுத்த நாள் மத்தளத்தின் அடி நெஞ்சுக்குள் இறங்கியது, அப்படியொரு சுகம். வளையமோ கடைசிப் படிவரை நீண்டிருந்தது. அவ்வளவு பெரிய தலை அவருக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. காதுமெத்தைகள், இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தன.

அடுத்த நாள் மாலை அவர் மாடியேறவில்லை.

"எனக்கென்னவோ பிடிக்கலைங்க. திருப்பிக் கொடுத்துடுங்க," என்றாள் மனைவி.

அவரும் தலையாட்டிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தபடியே போன் வழியாக மாடிக் கம்ப்யூட்டரில் ஓடிய பாட்டை நிறுத்தினார். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

மேலே, பூட்டிய அறைக்குள், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.